மலைநாட்டு வீடுகளில் தரைச் சூடேற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூணாறு, தேவிகுளம், வட்டவடை, காந்தலூர் பகுதிகளில் புது வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் இப்போது வயரிங் மதிப்பீட்டோடு தரைச் சூடேற்றத்தைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். ஊர் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை என்பதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். பொருள்களின் விலையை எழுதவில்லை; அளவுகளை மட்டும் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அளவு தெரிந்தவரிடம் விலை சொல்லுகிறவர் கவனமாகச் சொல்வார்.

தரையைச் சூடாக்குறதுன்னா என்ன? ரூம் ஹீட்டர் வைக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

டைல்ஸுக்கு அடியில் மின்கம்பி வலையையோ வெந்நீர் ஓடும் பிளாஸ்டிக் குழாயையோ பதித்து, தரையின் மேற்பரப்பைச் சுமார் 25 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக வைத்திருப்பதுதான் தரைச் சூடேற்றம். விசிறி வைத்த ஹீட்டர் காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே ஏறி, தகரக் கூரையைத் தொட்டு, குளிர்ந்துபோகிறது. தரை சூடாக இருந்தால் வெப்பம் காலிலிருந்து தொடங்கி, அறை முழுவதும் பரவலாக வருகிறது. அதனால் அறையின் காற்று ஓரிரு டிகிரி குறைவாக இருந்தாலும் உடம்புக்குக் குளிர் தெரிவதில்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரு யூனிட் மின்சாரம் எந்த ஹீட்டரில் எரிந்தாலும் ஒரு யூனிட் வெப்பத்தைத்தான் தரும். லாபம் என்பது வெப்பம் எங்கே கிடைக்கிறது என்பதில் இருக்கிறது.

நம்ம ஊர்க் குளிருக்கு இது தேவைதானா, இல்லை ஆடம்பரமா?

ஊரைப் பொறுத்தது. மூணாறு நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செண்டுவாரை, லெட்சுமி போன்ற எஸ்டேட் பள்ளத்தாக்குகளில் ஜனவரியில் புல்வெளி மீது உறைபனி படிவது புதிதல்ல. அங்கே வயதானவர்கள் இருக்கும் வீட்டில் குளியலறையையும் ஒரு படுக்கையறையையும் சூடாக வைத்திருப்பதை நான் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். மழை மறைவுப் பகுதியில், இன்னும் தாழ்வாக இருக்கும் மறையூரில் கேட்டால், அந்தப் பணத்தில் ஜன்னல் இடுக்குகளை அடைத்துக் கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்புப் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

முழு வீட்டையும் சூடாக்க வேண்டிய குளிர் நம் பக்கத்தில் கிடையாது. இங்கே தொகுத்திருக்கும் மற்ற பதில்கள் எல்லாம் ஓரிரு அறைகளை மட்டும் சூடாக்குவது என்ற முடிவை ஒட்டியே எழுதப்பட்டவை.

கரண்ட்ல ஓடுறதா, வெந்நீர்ல ஓடுறதா, எதைப் போடலாம்?

ஓரிரு அறை என்றால் மின்வலை. புதிதாகக் கட்டும் பெரிய வீட்டில் ஆண்டில் பல மாதங்கள் தொடர்ந்து சூடு வேண்டும் என்றால் மட்டும் வெந்நீர். மின்வலை மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதை டைல்ஸ் பசையிலேயே புதைத்துவிடலாம், அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் கால் வெதுவெதுப்பை உணரும்.

வெந்நீர் முறையில் 16 மில்லிமீட்டர் பெக்ஸ் குழாயை (வெந்நீரைத் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் சுற்றிப் பதிக்கிறார்கள். 35 முதல் 45 டிகிரி நீர் அதில் ஓடினால் போதும். ஒரு சுற்று 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு சதுர மீட்டருக்கு ஆறே முக்கால் மீட்டர் குழாய் பிடிக்கும் என்பதால், ஒரு சுற்று ஏறத்தாழ 15 சதுர மீட்டரோடு முடிந்துவிடும். அதன் மேல் 65 மில்லிமீட்டர் கனத்துக்கு சிமெண்ட் ஸ்க்ரீட், அதாவது சிமெண்ட் மணல் கலவைத் தளம், போட வேண்டும். அது ஒரு சதுர மீட்டருக்கு 130 கிலோ வரை எடை ஏற்றும் என்பதால், மாடி அறையில் பொறியாளரைக் கேட்காமல் போடக் கூடாது. இந்தத் தரை தோசைக்கல்லைப் போல மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். காலை ஒரு மணி நேரம் மட்டும் சூடு வேண்டும் என்பவருக்கு அது பொருந்தாது.

தரைக்குள்ள கரண்ட் ஓடினா ஷாக் அடிக்காதா? அதுவும் பாத்ரூம்ல?

இந்தப் பயத்தோடு கேட்பவரை நான் மதிக்கிறேன். பயமில்லாமல் போட்டுக்கொள்கிறவர்தான் கவலை தருகிறார். நல்ல மின்வலையில் சூடாகும் கம்பியைச் சுற்றிக் காப்புறையும், அதன் மேல் உலோகப் பின்னலும், அதற்கும் மேல் இன்னோர் உறையும் இருக்கும். அந்தப் பின்னலை எர்த்தோடு கட்டாயம் இணைக்க வேண்டும். இந்தச் சுற்றுக்கென்று தனியாக 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவுத் துண்டிப்பான்) ஒன்று இருக்க வேண்டும். கம்பி எங்காவது கசிந்தால் அது நொடிக்கும் குறைவான நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சூட்டைப் பார்த்து வலையை இயக்கி அணைக்கும் தெர்மோஸ்டாட்டைக் குளியலறைக்கு வெளியே உள்ள சுவரில்தான் பொருத்த வேண்டும்.

மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. பாறைப் பாங்கான இடத்தில் எர்த் குழி ஆழமாகப் போகாது, எர்த் மின்தடை அதிகமாகவே நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில், மின்னோட்டம் அளவுக்கு மீறினால் மட்டும் துண்டிக்கும் சாதாரண எம்சிபி கசிவைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிடலாம். எர்த்தை அளந்து பார்க்காமலும் ஆர்சிசிபி இல்லாமலும் இந்த வேலையைத் தொடங்கும் ஒயர்மேனை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். உரிமம் பெற்றவராக இருப்பது குறைந்தபட்சத் தகுதி.

கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

குளியலறையில் மூன்று சதுர மீட்டர் வெற்றுத்தரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 150 வாட் வலை என்றால் மொத்தம் 450 வாட். காலை ஒரு மணி, மாலை ஒரு மணி ஓடினால் நாளுக்கு 0.9 யூனிட், மாதத்துக்கு 27 யூனிட். படுக்கையறையில் எட்டு சதுர மீட்டர் என்றால் 1,200 வாட். மாலை ஐந்து மணி நேரம் இயக்கி, தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு எரிவதால் உண்மையில் மூன்று மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 3.6 யூனிட், மாதத்துக்கு 108 யூனிட்.

யூனிட் எண்ணிக்கையைவிட அது உங்களை எந்தப் படிக்குத் தள்ளுகிறது என்பதுதான் கணக்கு. கேரள மின்வாரியத்தின் வீட்டுக் கட்டணத்தில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியான விலை. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் உயர்ந்த ஒரே விலை. இப்போது மாதம் 180 யூனிட் செலவாகும் வீடு குளியலறையை மட்டும் சூடாக்கினால் 207இல் நிற்கும். படுக்கையறையை மட்டும் சூடாக்கினாலே 288க்குப் போய்விடும். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் இந்தத் தாவல் தாமதமாகத்தான் கண்ணில் படும். வலை வாங்குவதற்கு முன் பழைய பில்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களுக்கு உரியதை எடுத்துப் பாருங்கள்.

வீடு முழுக்கப் போட்டா என்ன ஆகும் அண்ணே?

80 சதுர மீட்டருக்கு, சதுர மீட்டருக்கு 100 வாட் என்று குறைத்துப் போட்டாலும் எட்டு கிலோவாட் ஆகிவிடும். ஒற்றை முனை இணைப்பின் வரம்பு 5 கிலோவாட் என்பதால் மும்முனை இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். பில்லைப் பற்றி மேலே சொன்னதே போதும்.

எவ்வளவு மேட் வாங்கணும்? பெரிசா வாங்கி வெட்டிக்கலாமா?

வெட்டவே கூடாது. சூடாகும் கம்பி ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே மின்தடை. அதை நறுக்கினால் மின்தடை குறைந்து, மீதிக் கம்பி அளவுக்கு மீறிச் சூடேறும். வலையைத் திருப்புவதற்காக அதன் நூல் வலையை மட்டும் கத்தரிக்கலாம், கம்பியைத் தொடக் கூடாது. ஒரு சுற்று மற்றொன்றின் மேல் ஏறவோ தொடவோ கூடாது.

அறையின் முழுப் பரப்பை அளக்காதீர்கள். கட்டில், பீரோ, கம்மோடு, சமையல் மேடை ஆகியவை நிற்கும் இடத்தையும் சுவரோரம் ஒரு சாண் இடத்தையும் கழித்துவிட்டு, மிஞ்சுவதை அளந்து, அதற்குச் சற்றுக் குறைவான அளவில் வலை வாங்குங்கள். இரண்டு வலைகள் தேவைப்பட்டால் அவற்றைப் பக்க இணைப்பில்தான் சேர்க்க வேண்டும், ஒன்றன் வாலில் மற்றொன்றைக் கட்டக் கூடாது. சாதாரணத் தெர்மோஸ்டாட் 16 ஆம்பியர் வரை தாங்கும், அதாவது சுமார் 3,600 வாட். அதற்கு மேல் என்றால் கான்டாக்டர் என்ற பெரிய மின்காந்தச் சுவிட்சு வேண்டும்.

இப்ப இருக்கிற டைல்ஸை உடைக்காம மேலேயே போட முடியுமா?

மின்வலையைப் போடலாம். பழைய டைல்ஸைத் தட்டிப் பார்த்து, ஓட்டைச் சத்தம் வரும் கற்களை எடுத்துச் சரிசெய்துவிட்டு, அதன் மேல் வெப்பத்தடுப்புப் பலகை, வலை, சமப்படுத்தும் கலவை, புது டைல்ஸ் என்று போட்டால் மொத்தம் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் உயரும். கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும். குளியலறையில் தண்ணீர் வடியும் சரிவும், வாசல்படி உயரமும் மாறும் என்பதை முன்கூட்டியே கொத்தனாரோடு பேசிவிடுங்கள். வெந்நீர் முறை என்றால் நான்கரை அங்குலத்துக்கு மேல் உயரும். பழைய வீட்டில் அது நடக்காத காரியம்.

அடியில வெப்பத்தடுப்பு எதுக்கு? தெர்மாகோல் போட்டாப் போதாதா?

இந்தச் செலவைத்தான் எல்லோரும் முதலில் வெட்டப் பார்க்கிறார்கள், இதைத்தான் கடைசியாக வெட்ட வேண்டும். வெப்பத்தடுப்பு இல்லாவிட்டால் வலை கொடுக்கும் வெப்பத்தில் பெரும் பங்கு கீழே உள்ள கான்கிரீட்டுக்குள் இறங்கும். தரை சூடேற அரை மணிக்குப் பதிலாக மூன்று, நான்கு மணி நேரம் ஆகலாம். நம் பக்கத்தில் சரிவில் தூண் நிறுத்திக் கட்டிய வீடுகள் பல. அவற்றில் தரைக்குக் கீழே திறந்த வெளியாக இருக்கும், இரவுக் காற்று அடியிலிருந்தும் குளிரவைக்கும். அப்படிப்பட்ட வீட்டில் தளத்தின் அடிப்புறத்திலும் தடுப்புப் போடுவது நல்லது.

டிவிப் பெட்டிக்குள் வரும் வெள்ளைத் தெர்மாகோல் எடையில் நசுங்கிவிடும், மேலே உள்ள டைல்ஸ் விரிசல் விடும். எடையைத் தாங்கும் கெட்டியான நுரைப் பலகையை எக்ஸ்பிஎஸ் என்று கேட்டு வாங்குங்கள். வலைக்கு அடியில் போட, இருபுறமும் சிமெண்ட் பூச்சுள்ள ஆறு அல்லது பத்து மில்லிமீட்டர் பலகைகள் கிடைக்கின்றன. வெந்நீர் முறைக்கு 50 மில்லிமீட்டர் வேண்டும். தரைத்தள அறையில் மண்ணின் ஈரம் ஏறாதபடி அதற்கும் கீழே கனமான பாலித்தீன் தாள் விரிக்கப்பட வேண்டும்.

எந்தத் தரை நல்லது? எங்க வீட்டுல ரெட் ஆக்சைடு. மாடியில தேக்குப் பலகை.

டைல்ஸ், கிரானைட், மொசைக் ஆகியவை வெப்பத்தை நன்றாகக் கடத்தும்; அவையே நல்லவை. ஏற்கெனவே போட்ட ரெட் ஆக்சைடுக்கு அடியில் எதையும் நுழைக்க முடியாது, புதிதாகப் போட்டாலும் சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது மயிரிழை விரிசல் விழ வாய்ப்பு உண்டு. அந்தப் பளபளப்பான சிவப்பை விரும்புகிறவர் அந்த அறையை விட்டுவிடுவதே மேல்.

முழுத் தேக்குப் பலகை ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்பச் சுருங்கி விரியும், இடுக்கு விழும். அடுக்கு ஒட்டிய மரத்தரை ஒத்துவரும். ஆனால் மரத்துக்கும் வினைலுக்கும் மேற்பரப்பு 27 டிகிரியைத் தாண்டாதபடி தெர்மோஸ்டாட்டில் வரம்பு வைக்க வேண்டும். ஐரோப்பியத் தரநிலையில் மக்கள் புழங்கும் அறைக்கு 29 டிகிரியும் குளியலறைக்கு 33 டிகிரியும் உச்ச வரம்பு.

நாங்க தரையில பாய் மெத்தை விரிச்சுத்தான் படுப்போம். சூடான தரையில படுக்கலாமா?

வெளிநாட்டுக் கையேடுகள் கம்பளத்தைப் பற்றி எழுதியிருக்கும், இதைப் பற்றி எழுதியிருக்காது. நம் வீடுகளில் மிக முக்கியமான கேள்வி இதுதான். கோரைப்பாய், மெல்லிய ஜமுக்காளம் ஆகியவற்றால் பிரச்சினை இல்லை. நான்கு அங்குலப் பஞ்சு மெத்தை வேறு விஷயம். சூடான தரையின் மேல் விரிப்புக்கு அனுமதிக்கப்படும் வெப்பத்தடையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் அந்த மெத்தைக்கு உண்டு. வெப்பம் மேலே வர வழியில்லாமல் மெத்தைக்கு அடியிலேயே தேங்கும். தரையின் சூட்டைத் தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்லும் உணரி வேறொரு இடத்தில் இருந்தால் அதற்கு இது தெரியாது, வலை எரிந்துகொண்டே இருக்கும். டைல்ஸும் மெத்தையும் கம்பியும் அளவுக்கு மீறிச் சூடாகும்.

ஆகையால் மெத்தை விரிக்கும் இடத்தில் வலையே போடாதீர்கள். அறையின் எந்த மூலையில் படுப்பீர்கள் என்பதை வரைபடத்திலேயே குறித்து, அதைப் பீரோ நிற்கும் இடம் போலக் கழித்துவிடுங்கள். இல்லையென்றால், படுப்பதற்கு முன் தரையைச் சூடாக்கி, அணைத்துவிட்டு மெத்தை விரிக்கலாம். சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்களும் தவழும் குழந்தைகளும் 29 டிகிரித் தரையில் நடமாடுவதில் ஆபத்து இல்லை. அவர்கள் கனமான விரிப்பால் மூடிய சூடான தரையில் உறங்குவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

வேலை நடக்கும்போது பக்கத்துல நின்னு எதையெல்லாம் பார்க்கணும்?

மீட்டரைப் பாருங்கள். 1,200 வாட் வலையின் மின்தடை சுமார் 44 ஓம் இருக்க வேண்டும். 230 வோல்ட்டை அதனாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் யாரும் இதைக் கணக்கிடலாம். பெட்டியில் அச்சிட்ட அளவிலிருந்து ஐந்து சதவீதம் குறைவாகவோ பத்து சதவீதம் கூடுதலாகவோ இருப்பது பொதுவாக ஏற்கத்தக்கது. பெட்டியைப் பிரித்ததும் ஒருமுறை, விரித்ததும் ஒருமுறை, டைல்ஸ் பதித்த பின் ஒருமுறை என மூன்று முறை அளந்து, உங்கள் கண்முன்னே எழுதச் சொல்லுங்கள். கூடவே மெகர் என்ற காப்புச் சோதனைக் கருவி கொண்டு கம்பிக்கும் எர்த் பின்னலுக்கும் இடையே காப்பு சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலான வலைகள் கரணை முனையிலோ, கனத்த செருப்புக் காலிலோதான் அடிபடுகின்றன. பதிக்கும்போதே மீட்டரை இணைத்து வைத்திருந்தால் அடிபட்ட நொடியிலேயே தெரிந்துவிடும், ஒரு கல்லைத் தூக்கினால் போதும்.

உணரியை நேராகப் புதைக்க விடாதீர்கள். அது இரண்டு கம்பிச் சுற்றுகளுக்கு நடுவே, முனை அடைத்த ஒரு சிறு குழாய்க்குள் இருக்க வேண்டும். பழுதானால் தரையை உடைக்காமல் இழுத்து மாற்றலாம். சூடாகும் கம்பியும் சாதாரணக் கம்பியும் சேரும் கணுவையும் தரைக்குள்தான் புதைக்க வேண்டும், சுவருக்குள் ஏற்றக் கூடாது. டைல்ஸைச் சிமெண்ட் மணல் கலவையில் பதிப்பது கொத்தனாருக்குப் பழக்கமாக இருக்கலாம். இங்கே வளைந்துகொடுக்கும் எஸ்1 வகைப் பசைதான் தேவை. சுவரோரம் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நெகிழும் பட்டையால் அடைக்க வேண்டும். குளியலறையில் வாட்டர்ப்ரூஃபிங் வலைக்கு மேலே, டைல்ஸுக்குக் கீழே வரும்.

மூடுவதற்கு முன் அளவு டேப்பைத் தரையில் விரித்து வைத்துப் புகைப்படம் எடுங்கள்.

டைல்ஸ் போட்ட அன்னைக்கே ஆன் பண்ணிப் பார்க்கலாமா?

கூடாது. ஈரமான பசையும் ஸ்க்ரீடும் சூட்டில் அவசரமாகக் காய்ந்தால் பிடிப்பு இழந்து விரிசல் விடும். சிமெண்ட் ஸ்க்ரீடுக்கு 21 நாள் பொறுக்க வேண்டும். பிறகு மூன்று நாள் 20 முதல் 25 டிகிரியில் நீரோட்டி, அதன்பின் உச்ச அளவில் நான்கு நாள் ஓட்டுவது வழக்கமான முறை. பசையில் பதித்த மின்வலைக்குப் பசைப் பையில் எழுதியிருக்கும் நாள்கணக்கே விதி. மூணாற்று ஜூலை மாதத்தில் அதற்கு மேலும் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள். வேலை செய்கிறதா என்ற ஆவலை மீட்டர் அளவு தீர்த்துவைக்கும்.

இங்க வோல்டேஜ் குறைவு, கரண்டும் அடிக்கடி போகுது. இன்வெர்ட்டர்ல ஓடுமா?

சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டக் கூடாது, பேட்டரி நிற்காது. வோல்டேஜ் குறைந்தால் வலைக்குக் கேடில்லை, சூடு குறையும், அவ்வளவுதான். ஆனால் அது நினைப்பதைவிட அதிகமாகக் குறையும்: 230க்குப் பதில் 190 வோல்ட் வந்தால் வலை தன் திறனில் 68 சதவீதமே தரும். மரம் விழுந்து மின்சாரம் போய் வந்த பின்னும் நேர அமைப்பை மறக்காத தெர்மோஸ்டாட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

சோலார், விறகு பாய்லர், கேஸ் கீசர், இதுல எதையாவது இணைக்கலாமா?

இது வெந்நீர் முறைக்கு மட்டும் பொருந்தும் கேள்வி. கூரைச் சோலார் மழை மாதங்களில் வெயிலின்றி ஓய்ந்துவிடும், உறைபனி விழும் இடத்தில் அதன் குழாய்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். துணையாக இருக்கலாம், தனியாக நம்ப முடியாது. கேஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 180 யூனிட் வெப்பம்தான் இருக்கிறது, பத்து கிலோவாட் பாய்லர் அதைப் பதினெட்டு மணி நேரத்தில் தீர்த்துவிடும். குளியலறைக் கீசரைத் தரைக் குழாயோடு இணைப்பது ஆபத்தான விளையாட்டு. விறகு பாய்லரை வீட்டுக்கு வெளியே, சரியான புகைபோக்கியோடு வைத்தால் வேலை செய்யும்; ஆனால் அதற்கு ஓர் ஆள் வேண்டும்.

மிகப் பொருத்தமானது ஹீட் பம்ப். அது ஹீட்டரைப் போல வெப்பத்தை உண்டாக்காமல், வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்து நீருக்குத் தருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தரும், தரைக்குத் தேவைப்படும் குறைந்த சூட்டு நீர் அதற்கு எளிது. ஈரமும் குளிரும் சேர்ந்த இரவில் வெளிப்பெட்டியில் பனி படியும்; அதை உருக்க அது அவ்வப்போது நின்று நின்று ஓடும், அது பழுதல்ல.

மழைக்காலத்துல தரை வேர்க்குது, சுவர்ல பூஞ்சை. இது போட்டா அது நிக்குமா?

பாதி நிற்கும். காற்றின் ஈரம் குளிர்ந்த டைல்ஸ் மீது படிவதால் வரும் வேர்வை, தரை ஓரிரு டிகிரி சூடாக இருந்தாலே நின்றுவிடும். அதற்காக ஜூலையில் 22 டிகிரியில் வைத்தால் போதும். மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தையும் கூரை ஒழுக்கையும் எந்தச் சூடும் நிறுத்தாது. முன்பு சொன்ன பாலித்தீன் தாளும் சுவரடித் தடுப்பும்தான் அதற்கு மருந்து. ஈரத்தின் காரணத்தைச் சரிசெய்யாமல் சூடேற்றினால் அறைக்குள் நீராவி கூடும், பூஞ்சை மேலே ஏறும்.

நாங்க லயத்துல இருக்கோம். எங்களுக்கு ஏதாவது வழி இருக்கா?

லயம் என்பது எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கம்பெனி தரும் வரிசை வீடு. கம்பெனி வீட்டின் தரையை நீங்கள் தோண்ட முடியாது, தோண்டவும் வேண்டாம். தரை மேல் விரிக்கும், தானாக அணையும் வசதியுள்ள மின்விரிப்பு உண்டு. லைன் வீட்டின் பழைய வயரிங் தாங்குமா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். படுக்கைக்கு வெந்நீர்ப் பையே போதும். எதைச் செய்தாலும் அடைத்த அறைக்குள் கரி நெருப்புச் சட்டியை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

ஹோம்ஸ்டேயில விருந்தாளிங்க முழு நாளும் ஓட விட்டா என்ன செய்யறது?

தெர்மோஸ்டாட்டில் உச்ச வரம்பைப் பூட்டும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; நேரம் குறித்து, நீங்கள் வைத்த அளவுக்கு மேல் ஏற்ற முடியாதபடி வையுங்கள். அறை அறையாகத் தனி ஆர்சிசிபி போட்டால் ஓர் அறையின் கசிவு மற்ற அறைகளை இருட்டாக்காது.

பத்து வருஷம் கழிச்சுக் கம்பி அறுந்துட்டா தரை முழுக்க உடைக்கணுமா?

வேண்டியதில்லை. முதலில் உணரியையும் தெர்மோஸ்டாட்டையும் சோதிக்க வேண்டும். பல நேரம் பழுது அங்கேதான் இருக்கும். கம்பியே அறுந்திருந்தால், துடிப்பு அனுப்பித் தூரத்தை அளக்கும் கருவியாலும் வெப்பப் படக் கேமராவாலும் இடத்தைக் கண்டுபிடித்து, ஓரிரு டைல்ஸைத் தூக்கி, அதற்கென்றே உள்ள இணைப்புக் கருவியால் ஒட்டலாம். அதனால் மிச்சம் வந்த டைல்ஸில் ஒரு பெட்டியை எடுத்து வையுங்கள். தானாக அறுவது அரிது. கதவுத் தடுப்பானுக்குத் துளை போடும்போதும் கம்மோடை மாற்றும்போதும்தான் பெரும்பாலும் அறுகிறது. வேலையின்போது எடுத்த புகைப்படத்தை அச்சிட்டு, மூன்று மின்தடை அளவுகளையும் அதன் பின்னால் எழுதி, மீட்டர் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள். துளை போட வருகிறவர் அதைப் பார்த்த பிறகு டிரில்லரை எடுக்கட்டும்.